பழைய காருக்குப் புதிய மூச்சு

பி.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர்

உணவின்றிச் சில நாள் வாழலாம். மூச்சின்றிச் சில நிமிடங்கள்கூட வாழ இயலாது. மனிதனுக்குரிய இந்த நியதி அவன் படைத்த எந்திரத்துக்கும் பொருந்தும் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கார் எதைத் தின்று ஓடுகிறது என்று கேட்டால் பெட்ரோல் என்று சிறு குழந்தையும் விடை சொல்லும். ஆனால் 1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். அப்படியானால் கார் பெரிதும் உண்பது காற்றைத்தான் அன்றோ! பெட்ரோலை வேண்டிய அளவு ஊற்றிவிடலாம், அது எளிது. காற்றை உள்ளே செலுத்துவதுதான் அரிது. பிஸ்டன் கீழிறங்கும்போது எவ்வளவு காற்று தானாக உள்ளே நுழைகிறதோ அவ்வளவுதான் இன்ஜினின் வலிமை. அதற்கு மேலும் வலிமை வேண்டுமென்றால் காற்றைப் பிடித்துத் திணிக்க வேண்டும். அவ்வாறு திணிக்கும் கருவிக்கே சூப்பர்சார்ஜர் என்று பெயர்.

சென்ற ஆண்டு, பாளையங்கோட்டையில் ஒரு பழைய காருக்கு இக்கருவியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. அந்தத் தேர்வில் வகுப்பறையும் பட்டறையும் ஒன்றையொன்று சந்தித்தன. அதை நம் கல்லூரி நண்பர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

துருத்தியின் பேரன்

என் தாத்தா தாமிரபரணிக் கரையோரச் சிற்றூர் ஒன்றில் கொல்லுப் பட்டறை வைத்திருந்தவர். கலப்பைக்குக் கொழுவும் அறுவடைக்கு அரிவாளும் அடித்துக் கொடுத்தவர். கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் இரும்பு எந்த நிறத்துக்கு வந்தால் எந்த அடி தாங்கும் என்பது தெரியும். அவருடைய பட்டறையின் உயிர்நாடி துருத்தி. கரி எவ்வளவு போட்டாலும் துருத்தி ஊதாவிட்டால் இரும்பு சிவக்காது. தாத்தா வாழ்நாள் முழுவதும் செய்ததும் காற்றைத் திணிக்கும் வேலைதான்.

இதை உவமைக்காக மட்டும் சொல்லவில்லை, வரலாறும் அதுவே. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் கானர்ஸ்வில் என்ற ஊரில் வாழ்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் இருவர், ஒன்றையொன்று தழுவியபடி சுழலும் இரண்டு உருளைகளைக் கொண்ட காற்றூதி ஒன்றை அமைத்து 1860இல் காப்புரிமை பெற்றனர். உலைக்களங்களுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று ஊத அது பயன்பட்டது. அப்போது கார் பிறக்கவேயில்லை. எரி இன்ஜினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் முறைக்கு ஜெர்மானியரான காட்லீப் டைம்லர் 1885இல் காப்புரிமை பெற்றார். 1921இல் பெர்லின் கண்காட்சியில் மெர்சிடிஸ் நிறுவனம் சூப்பர்சார்ஜர் பொருத்திய கார்களை மக்கள் முன் வைத்தது. உலைக்களத்துத் துருத்தி இவ்வாறு காருக்குள் குடியேறியது.

தாத்தாவின் துருத்தியை அப்பா தொடரவில்லை. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுப் பாளையங்கோட்டைக்கு வந்து, ஒரு பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்தார். இன்று திருச்செந்தூர் சாலையோரம் தகரக் கொட்டகை போட்ட சிறு பட்டறைக்கு அவரே மெக்கானிக், அவரே முதலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்.

வந்து நின்ற கான்டெஸா

பட்டறைக்கு வந்த கார் ஒரு கான்டெஸா. நம் வயதுக்காரர்கள் பலர் பழைய திரைப்படங்களில்தான் அதைக் கண்டிருப்போம். ஆகவே சில சொற்கள் அறிமுகம் தேவை.

1960களில் அமெரிக்காவில் நடுத்தர அளவுள்ள காருக்குள் மிகப் பெரிய எட்டு சிலிண்டர் இன்ஜினை வைத்து விற்கத் தொடங்கினர். 1964ஆம் ஆண்டு மாதிரியாக வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. அவ்வகையில் பெயர் பெற்றது. இவற்றை 'மசில் கார்' என்றனர். புஜபல பராக்கிரமம் உடையவை என்று பொருள் கொள்ளலாம். இந்தியாவில் அப்படி ஒன்று செய்யப்படவில்லை. ஆனால் நீண்ட முகப்பும் அகன்ற உடலுமாக அந்தத் தோற்றம் மட்டும் ஒரு காருக்கு வாய்த்தது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1984இல் வெளியிட்ட கான்டெஸாதான் அது. இங்கிலாந்தின் வாக்ஸால் நிறுவனத்தின் 1970களின் கார் ஒன்றைத் தழுவியது. இந்தியாவின் மசில் கார் என்று இன்றும் அதை அன்போடு அழைக்கிறார்கள்.

தோற்றம் பயில்வான், உள்ளமோ பரம சாது! முதலில் அதில் வைக்கப்பட்டது 1489 சி.சி. கொள்ளளவுள்ள பழைய இன்ஜின். அதன் வலிமை 50 குதிரைத்திறன் அளவே. 1980களின் பிற்பகுதியில் ஜப்பானின் இசுசூ நிறுவன வடிவமைப்பில் 1817 சி.சி. இன்ஜின் வந்தபின் அது 88 குதிரைத்திறனாக உயர்ந்தது. 2002இல் கான்டெஸா உற்பத்தி நின்றது.

எங்களிடம் வந்தது இசுசூ இன்ஜின் உள்ள கார். உரிமையாளர் நெல் வணிகம் செய்யும் ஓர் அண்ணாச்சி. அவருடைய தந்தையார் வாங்கிய கார், விற்க மனமில்லை. நாற்கர சாலையில் நாகர்கோவில் போகும்போது சின்னஞ்சிறு கார்களெல்லாம் முந்திக்கொண்டு போவது அவருக்குப் பொறுக்கவில்லை. சார்ஜாவில் வேலை பார்க்கும் அவருடைய மைத்துனர், பழைய சூப்பர்சார்ஜர்கள் அங்கே கிடைப்பதாகச் சொல்லி மூன்றின் படங்களை அனுப்பியிருந்தார்.

"எது நல்லதுன்னு நீரே பாத்துச் சொல்லும். காசு பத்திக் கவலப்படாதிரும்," என்றார் அண்ணாச்சி.

அந்த ஒரு வேலையின் கூலி எங்கள் வீட்டுக்கு மூன்று மாத வருமானம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த தங்கையை நர்சிங்கில் சேர்க்கப் பணம் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. அன்றிரவு அப்பா அந்தப் படங்களை என் முன் வைத்து, "இது நான் தொட்டுப் பாக்காத சாமான்டே. ஒங்க புஸ்தகத்துல என்ன சொல்லுதுன்னு பாரு," என்றார். எந்திரத்தைப் பற்றி அப்பா என்னிடம் கேட்டது அதுதான் முதல் முறை.

மூவகைத் துருத்திகள்

காற்றைத் திணிக்கும் கருவிகளை மூன்று குடும்பங்களாகப் பிரிக்கலாம்.

முதலாவது, ரூட்ஸ் வகை. இன்ஜினின் கிராங்க் புல்லியிலிருந்து பெல்ட் வழியே இது சுழலும். ஒவ்வொரு சுற்றுக்கும் இத்தனை சி.சி. காற்று என்று அளந்து தள்ளும். மெதுவாகச் சுற்றினாலும் தன் அளவைத் தவறாமல் தள்ளுவதால் தொடக்க வேகத்திலேயே இழுவை கிடைக்கும். குறை என்னவென்றால் காற்றை மிகவும் சூடாக்கும்.

இரண்டாவது, மையவிலக்கு வகை. இதுவும் பெல்ட்டில் ஓடுவதே. ஆனால் விசிறி போன்ற சக்கரம் மிக வேகமாகச் சுழன்று காற்றை வெளிப்புறம் வீசும். இது தரும் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். 5000 சுழற்சியில் 0.4 பார் தரும் கருவி 2500 சுழற்சியில் 0.1 பார் அளவே தரும். பந்தயத் தளத்துக்கு இது சிறப்பு. முருகன்குறிச்சி நெரிசலிலும் ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தின் ஏற்றத்திலும் இதனால் ஆவது ஒன்றுமில்லை.

மூன்றாவது, டர்போசார்ஜர். வெளியேறும் புகையின் விசையால் சுழல்வது. இதற்கு சுவிட்சர்லாந்து நாட்டவரான ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் காப்புரிமை பெற்றார். வீணாகப் போகும் ஆற்றலைப் பயன்படுத்துவதால் சிக்கனமானது. இன்றைய டீசல் பேருந்துகளிலும் லாரிகளிலும் இது இருக்கிறது. ஆனால் பழைய காரில் இதைப் பொருத்தப் புகைக்குழாய் முழுவதையும் மாற்ற வேண்டும்; தனி எண்ணெய்க் குழாய் இழுக்க வேண்டும்; முகப்புக்குள் சூடு மிகும்.

ஆகவே எங்கள் காருக்கு ரூட்ஸ் வகையே பொருத்தம் என்பது முதல் முடிவு. மைத்துனர் அனுப்பிய மூன்றும் அவ்வகைதான்.

கணக்குப் பார்த்த கதை

மூன்றில் சிறியது ஜப்பானின் ஐசின் நிறுவனத்தது. சுற்றுக்கு 500 சி.சி. தள்ளும். நடுத்தரமானது ஈட்டன் எம்-45; 2000களின் தொடக்கத்தில் 1600 சி.சி. மினி கூப்பர் காரில் வந்தது. சுற்றுக்கு 737 சி.சி. பெரியது டொயோட்டாவின் எஸ்.சி.-12, 1980களில் அந்நிறுவனத்தின் 1600 சி.சி. இன்ஜினோடு வந்தது, சுற்றுக்கு 1200 சி.சி.

நான்கு வீச்சு இன்ஜின் தன் கொள்ளளவை இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நிரப்பிக்கொள்ளும். எனவே 1817 சி.சி. இன்ஜின் ஒரு சுற்றுக்கு 908 சி.சி. காற்றை இழுக்கும். 5000 சுழற்சியில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 4500 லிட்டர்! இதைவிடச் சுமார் 30 விழுக்காடு கூடுதலாகத் தர விரும்பினால் சுற்றுக்கு 1180 சி.சி. வேண்டும். வால்வு வழியே முழுமையாக நிரம்பாத குறையும் கருவியில் காற்றுக் கசியும் குறையும் ஏறத்தாழ ஒன்றுக்கொன்று ஈடாகிவிடும் என்று வைத்துக்கொண்டேன்.

இந்தக் கணக்கின்படி, இன்ஜின் 5000 சுழற்சியில் ஓடும்போது ஐசின் 11,800 முறை சுழல வேண்டும்; ஈட்டன் 8000 முறை; டொயோட்டா 4900 முறை. சிறியது எப்போதும் மூச்சு வாங்கிக்கொண்டே ஓடும். பெரியது சோம்பலாக ஓடினாலும் கனம் மிகுதி, இடமும் மிகுதி. நடுத்தரமானதே அளவுக்கு ஏற்றது. தேவையற்றபோது தொடர்பைத் துண்டிக்கும் மின்காந்தக் கிளட்ச் டொயோட்டாவில் உண்டு என்பது அதன் சிறப்பு. இருப்பினும் அளவை நோக்கி ஈட்டனையே குறித்துக்கொண்டேன்.

அடுத்தது வெப்பம். முதலாண்டில் நாம் படித்த வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு இங்கேதான் உயிர் பெற்று எழுந்து வந்தது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சுடுவதை எல்லாரும் உணர்ந்திருப்போம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் 38 பாகை வெப்பமுள்ள காற்றை 1.4 மடங்கு அழுத்தத்துக்கு உயர்த்தினால், குறையற்ற கருவியிலும் 31 பாகை கூடும். ரூட்ஸ் வகையின் திறன் ஏறத்தாழப் பாதிதான். ஆகவே 60 பாகை கூடும். வெளிவரும் காற்றின் வெப்பம் 98 பாகை, அதாவது கொதிநீருக்குச் சற்றுக் குறைவு! சூடான காற்று விரிந்துவிடுமல்லவா? அழுத்தம் 40 விழுக்காடு கூடியும் உள்ளே போகும் காற்றின் எடை 17 விழுக்காடுதான் கூடும். இடையில் இன்டர்கூலர் வைத்து 60 பாகைக்குக் குளிர வைத்தால் அது 31 விழுக்காடாக உயரும். ஆகவே, "எந்த சூப்பர்சார்ஜர்?" என்ற கேள்விக்குள்ளேயே "எந்த இன்டர்கூலர்?" என்ற கேள்வியும் அடங்கியிருக்கிறது.

இதோடு முடியவில்லை. அந்தச் சூடான காற்றை இன்ஜின் மீண்டும் அழுத்துகிறது. அழுத்த விகிதம் 9 என்று கொண்டால், தொடக்கத்தில் இருந்த 60 பாகை வேறுபாடு பிஸ்டன் மேலேறி முடியும்போது 145 பாகையாகப் பெருகுகிறது. அப்போது பிளக் பொறி கொளுத்திய தீ பரவி வருமுன்னே, மூலையில் ஒதுங்கிய கலவை தானாக வெடிக்கும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்று சொல்லும் கடகடவென்ற ஓசை அதுதான். பிஸ்டனின் தலையில் சுத்தியலால் அடிப்பதற்கு அது சமம். இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருப்பதால் நாக்கிங்கைத் தாங்கும் ஆற்றல் சற்றுக் கூடியிருக்கிறது. ஆனால் அந்த எத்தனாலே பழைய காரின் ரப்பர் குழாய்களையும் பம்பின் டயாப்ரத்தையும் கெடுக்கக்கூடியது.

கருவியும் இலவசமாக உழைப்பதில்லை. காற்றைத் தள்ள அதற்கே 8 அல்லது 9 குதிரைத்திறன் பெல்ட் வழியே போகும். வரவில் செலவு போகவே மிச்சம்.

அப்பாவின் பங்கு

இக்கணக்குகளை நான் விளக்கி முடித்தபோது அப்பா கேட்ட கேள்வி ஒன்று என்னை வியக்க வைத்தது. "காத்து அழுத்தமா கார்புரேட்டருக்குள்ள வந்து நிக்குது. அப்போ பெட்ரோல் எப்படிடே உள்ள போகும்?"

எத்தனை நுட்பமான கேள்வி! பழைய காரின் பியூயல் பம்ப் பெட்ரோலைத் தள்ளும் அழுத்தம் ஏறத்தாழ 0.2 முதல் 0.3 பார். எதிரே 0.4 பார் அழுத்தத்தில் காற்று நின்றால் பெட்ரோல் நுழையாது. மிதி மிதிக்க மிதிக்க இன்ஜின் பெட்ரோலுக்குத் தவிக்கும். கலவையில் பெட்ரோல் குறையக் குறைய நாக்கிங் மிகும். இதைத் தவிர்க்கக் கார்புரேட்டர் முழுவதையும் காற்றுப் புகாமல் அடைத்து, காற்றழுத்தம் ஏற ஏறப் பெட்ரோல் அழுத்தமும் கூடவே ஏறும்படி பம்ப் அமைக்க வேண்டும். மாற்றாக, கார்புரேட்டரைக் கருவிக்கு முன்னால் வைத்துக் கலவையையே உறிஞ்சச் செய்யலாம். அப்போது இன்டர்கூலர் வைக்கலாகாது. அதனுள் பெட்ரோல் தேங்கும். பின்வெடிப்பு நேர்ந்தால் ஆபத்து. என் கணக்கில் இல்லாத இந்த முடிச்சு அவருடைய ஒரு கேள்வியில் இருந்தது.

மறுநாள் அப்பா செய்தது இன்னும் எளிய சோதனை. நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் கேஜை வைத்து இன்ஜினைச் சுழற்றினார். முதல் சிலிண்டர் 150 பி.எஸ்.ஐ.; இரண்டாவது 145; மூன்றாவது 110; நான்காவது 140. மூன்றாவதில் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் பார்த்தார். 110 என்பது 140 ஆக ஏறியது. எண்ணெய் விட்டதும் அழுத்தம் ஏறினால் தேய்மானம் ரிங்கில். ஏறாவிட்டால் பழுது வால்வில். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடைவெளியை எண்ணெய் சற்று நேரம் அடைத்துவிடுகிறது; அதுவே காரணம்.

அப்பா கேஜைத் துடைத்துப் பெட்டியில் வைத்தபடி, "இருக்கிற காத்தயே இது பிடிச்சு வைக்கலை. இன்னும் ஊதிவிட்டா எங்க போகும்? ரிங்கு வழியா கீழ இறங்கி ஆயிலத்தான் வெளிய தள்ளும்," என்றார்.

மூன்று கருவிகளில் எது சிறந்தது என்று நான் இரவெல்லாம் ஆராய்ந்தேன். எந்தக் கருவியும் கடைசியில் மூன்றாம் சிலிண்டரைக் கேட்டுத்தான் வேலை செய்ய வேண்டும் என்பதை அப்பாவின் கேஜ் சொல்லிவிட்டது. திருக்குறளில் வலியறிதல் என்று ஓர் அதிகாரம் இருப்பதும், மெல்லிய மயிலிறகேயானாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு தாங்காது என்ற உவமை அதில் வருவதும் பள்ளியில் படித்ததுதான். அன்றுதான் அது எனக்கு எந்திரவியல் பாடமாகவும் விளங்கிற்று.

சாலை விதியும் சந்தையும்

இன்னொன்றும் இருந்தது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த அமைப்பினின்றும் வாகனத்தை விருப்பம்போல் மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அவ்வாண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியது. ஒவ்வொரு முறையும் கார் அதிகாரி முன் நின்றாக வேண்டும். இருங்காட்டுக்கோட்டை, கோவை போன்ற பந்தயத் தளங்களுக்கு என்றே தனி வண்டி வைத்திருப்பவர் கதை வேறு. கல்யாண வீட்டுக்கும் கோயிலுக்கும் குடும்பத்தோடு போகும் காருக்கு அந்தச் சலுகை இல்லை.

இவ்வளவையும் அண்ணாச்சியிடம் சொல்ல வேண்டும். சொன்னால் வேலை போய்விடும். அம்மா வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. தங்கையின் விண்ணப்பப் படிவம் மட்டும் அலமாரியின் மேல் கண்ணில் படும்படி இருந்தது. அப்பா வேறு விதமாகவும் நடந்திருக்கலாம். ஈட்டனை வரவழைத்துப் பொருத்திவிட்டால் முதல் மாதம் கார் பறக்கும். ஆறு மாதத்தில் பிஸ்டன் உடைந்தால், பழைய இன்ஜின்தானே என்று சொல்லிவிடலாம். அதை மறுத்துப் பேச யாராலும் இயலாது.

அண்ணாச்சி வந்தார். அப்பா காகிதம் எதையும் காட்டவில்லை. மூன்றாம் சிலிண்டரில் கேஜை வைத்து அவர் கண்ணாலேயே பார்க்கச் செய்தார். "அண்ணாச்சி, மூணுல எது நல்லதுன்னு கேட்டீக. நடுவுல உள்ளதுதான் அளவு சரின்னு பையன் கணக்குப் போட்டுச் சொல்லுதான். ஆனா இந்த இன்ஜினுக்கு இப்போ எதுவும் ஆகாது. ரோட்டுக்கும் ஆகாது. ஒங்க காசு எனக்கு வேண்டாம்னு சொல்லலை, ஒங்க அய்யா வாங்குன வண்டிய நான் ஒடைச்சேன்னு ஆயிரக் கூடாது," என்றார்.

அண்ணாச்சியின் முகம் சுருங்கிற்று. யோசித்துச் சொல்வதாகக் கூறிப் போய்விட்டார். மூன்று வாரம் வரை ஒரு தகவலும் இல்லை. வேறு ஊர்ப் பட்டறைக்குப் போயிருப்பார் என்றே எண்ணினோம். அந்த நாட்களில் அப்பா வழக்கம்போல் ஆட்டோக்களுக்கு பிரேக் மாற்றிக்கொண்டிருந்தார். அதைப் பற்றிப் பேசவேயில்லை.

நான்காம் வாரம் கான்டெஸா மீண்டும் வந்தது. "அந்த ஊதி வேண்டாம். கம்பெனியில இருந்து வந்தப்போ எப்படி ஓடிச்சோ அப்படி ஓட வைக்க முடியுமா?" என்று கேட்டார் அண்ணாச்சி. இன்ஜினைப் பிரித்து, சிலிண்டரை ரீபோர் செய்து, அளவு கூடிய பிஸ்டனும் ரிங்கும் போட்டு, வால்வுகளை அரைத்து, ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, எத்தனால் தாங்கும் குழாய்கள் மாற்றி, பிரேக்கையும் சரி பார்த்துக் கொடுத்தார் அப்பா. நான்கு சிலிண்டரும் ஐந்து பி.எஸ்.ஐ. வேறுபாட்டுக்குள் வந்தன. 88 குதிரைகளில் உறங்கிக் கிடந்தவை எழுந்துகொண்டன. கூலி, முதலில் எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான். மீதியைக் கடன் வாங்கித்தான் தங்கையைச் சேர்த்தோம். அந்தக் கடன் இன்னும் இருக்கிறது.

கரி வண்டி தந்த பாடம்

இதைப் படிக்கும் நண்பர் ஒருவர், "அப்படியானால் புதுமை வேண்டாமென்கிறாயா?" என்று கேட்கலாம். அன்று. நம் மாவட்டத்துத் திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்தவர் டி. வி. சுந்தரம் ஐயங்கார். இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தது. அப்போது அவருடைய டி.வி.எஸ். நிறுவனம் கரியை எரித்து வாயு உண்டாக்கும் கலங்களைச் செய்து வாகனங்களில் பொருத்தியது. கரிவாயுவில் எரியாத நைட்ரஜன் பாதியளவு கலந்திருப்பதால் சிலிண்டருக்குள் போகும் சரக்கின் வலிமை பெரிதும் குறையும். ஏற்றத்தில் வண்டி திணறும். சூப்பர்சார்ஜருக்கு நேர்மாறான நிலை இது. எனினும் வண்டிகள் ஓடின. இருக்கும் இன்ஜின் எதைத் தாங்கும், இருக்கும் பொருளால் எது ஆகும் என்று அளந்து செய்த புதுமை அது. அளவறிந்த புதுமையே நிலைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

முதல் தலைமுறையாய்க் கல்லூரிக்கு வந்திருக்கும் நம் போன்றோர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. நம் வகுப்பில் பலர் தம் வீட்டுத் தொழிலைச் சொல்லத் தயங்குகிறோம். பட்டறைக்காரர் மகன், பீடி சுற்றுபவர் மகள், பாய் முடைபவர் மகன் என்று அறியப்படுவதைக் கூச்சமாகக் கருதுகிறோம். அந்த வீடுகளில் எழுதப்படாத அறிவியல் எவ்வளவு கிடக்கிறது! பத்தமடையில் பாய் முடையும் கோரையை ஓடும் ஆற்றுநீரில் ஊற வைக்கிறார்களே, தேங்கிய நீரில் ஏன் வைப்பதில்லை? காருகுறிச்சிக் குயவர் சூளையின் வெப்பத்தை வெப்பமானி இல்லாமல் எப்படி அறிகிறார்? இவற்றுக்கான விடை பாதி நம் வீட்டில் இருக்கிறது. மீதி நம் ஆய்வகத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைக்கக்கூடியவர்கள் நாம்தான். நமக்கு முன் நம் குடும்பத்தில் ஒருவருக்கும் அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

எனவே ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். மூன்றாம் ஆண்டில் செய்யும் திட்டப் பணிக்கு, ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டுத் தொழிலிலிருந்து ஒரு கேள்வியைக் கொண்டுவர இசைவு தாருங்கள். என் கேள்வி தயாராக இருக்கிறது. எண்ணெய் விட்டதும் 110 ஏன் 140 ஆகிறது, 150 ஏன் ஆகவில்லை என்று அப்பா அன்று கேட்டார். அதற்கு இன்னும் நான் முழு விடை சொல்லவில்லை.